உப்புப் போட்ட ஐஸில் உம்மாவின் மருந்து

உம்மாவின் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, நான் பார்த்த வைத்தியத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. நாட்டில் சண்டை முடிந்து, கடலுக்குப் போகிறவர்களை மறிப்பார் இல்லாமல் போன காலம். எங்கள் ஊர் கண்டக்குழிக் கரையில் மீன் குவிந்தது. வாப்பா அதை வாங்கி ஐஸ் பெட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் ஊரூராக விற்றார்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. உம்மா தினமும் குத்திக்கொள்ளும் இன்சுலின் போத்தல், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி, தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்த ஒரு சின்ன மண் முட்டியில் இருந்தது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. விற்கிற சூரை மீனுக்கு ஐஸ், உம்மாவின் மருந்துக்கு வெறும் பச்சைத்தண்ணீரா? வாப்பாவின் தொழில் இரகசியமும் எனக்குத் தெரியும். ஐஸில் கல்லுப்பை அள்ளிப் போட்டால் குளிர் இன்னும் ஏறும்.

பெருநாளுக்கு மறுநாள் காலையில் உம்மா ஊசி குத்தி முடித்ததும், போத்தலைப் பையில் சுற்றி, வாப்பா விற்கப் போகாததால் வீட்டில் கிடந்த ஐஸ் பெட்டிக்குள் புதைத்து, இரண்டு கை உப்பும் போட்டேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் மருந்து கட்டியாகிக் கிடந்தது. பயந்துபோய் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். உருகியது. அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்ப முட்டியில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உம்மா குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். கண் மங்குகிறது என்றார். மூன்றாம் நாள் எழும்பவே முடியவில்லை. மருந்தை அவர் ஒரு வேளையும் தவறவிடவில்லை. அதனால் பழி பெருநாளுக்குச் செய்த இனிப்பு வட்டிலப்பத்தின் மேல் விழுந்தது. ஒரு கரண்டிகூட வாயில் வைக்கவில்லை என்று உம்மா சத்தியம் செய்தும் வாப்பா நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை. ஓட்டோவில் உம்மாவின் தலை என் மடியில் கிடந்தது. மௌத்தாகிவிடுவாரோ என்று பயந்து, மூச்சு வருகிறதா என அவர் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் உம்மா கண் விழித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. தாதி நாங்கள் கையோடு கொண்டுபோன போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரைந்த பால்போல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. இது உறைந்துபோன மருந்து என்றார். உள்ளே இருப்பது புரதமாம். அது மடிந்து மடிந்து ஒரு வடிவத்தில் இருக்கிறவரைதான் மருந்தாம். அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாததுபோல, அந்த மடிப்புக் குலைந்தால் குலைந்ததுதானாம். வாப்பாவுக்கு அது விளங்கவில்லை. உறைந்த மீன் உருகினால் மீன்தானே என்று வாதாடினார்.

"மீன் செத்தது, தின்னுறதுக்கு. இது உள்ள போய் வேலை செய்யோணும்," என்றார் தாதி.

வாப்பா மெல்ல என் பக்கம் திரும்பினார். "ஆரு இத ஐஸுக்குள்ள வெச்ச?"

உம்மா என் முகத்தைப் பார்த்தார். "நான்தான் வெச்சன்," என்றார்.

புதுப் போத்தலோடு வீட்டுக்கு விட்ட அன்று, வழிநெடுக வாப்பா உம்மாவை ஏசிக்கொண்டே வந்தார். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. நான் வைத்ததுபோல் உம்மாவும் ஒருநாள் வைத்திருக்கிறார், பிழை என்னுடையது மட்டுமில்லை என்று முடிவு கட்டினேன். அன்றிரவு பக்கத்தில் படுத்துக்கொண்டு அவருக்குப் புத்தி வேறு சொன்னேன்.

"இனி இப்பிடி வெக்காதீங்க உம்மா."

"ஓம் மகள், இனி வெக்கமாட்டன்," என்று என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

மீன் வாடை குமட்டும் என்று உம்மா அந்த ஐஸ் பெட்டிக்குக் கிட்டவே போகாதவர் என்பது, அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.