விருந்தாளி அறையில் ஓர் இன்ஜின்

என் வீட்டுக்காரர் ஈரஜ் ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் ரொட்டி வீடு வந்து சேராது. பின்னால் வருகிறவர்களிடமெல்லாம் "நீங்க முன்னால போங்க" என்று ஒதுங்கி ஒதுங்கி, அடுப்பு அணைந்த பிறகு வெறுங்கையோடு வருவார். எங்கள் புரூஜெர்து ஊரில் முடிவெட்டுகிறவர்களில் அவர் கைதான் நல்ல கை. வாய்தான் சரியில்லை. எங்கள் ஊரில் உபசாரப் பேச்சு எல்லோருக்கும் உண்டு. உங்கள் கோட்டு நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் "உங்களுக்கே சொந்தம், எடுத்துக்குங்க" என்போம். அவர் மூன்று தடவை மறுப்பார், கோட்டு நம் முதுகிலேயே இருக்கும். மற்றவர்கள் இதை அளவோடு செய்வார்கள். இவருக்கு அந்த அளவுதான் பிடிபடாது.

இப்படிப்பட்டவர் பிடிவாதம் பிடித்தது ஒரே ஒரு பொருளுக்காக: எங்கள் பழைய பெய்க்கான் கார். எங்கள் மூன்று பெண்களையும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் அழைத்து வந்தார். வயதாகி, அது நீலப் புகை விட ஆரம்பித்தது. ஊற்றிய ஆயிலையெல்லாம் குடித்துவிட்டு மேட்டில் ஏறமாட்டேன் என்றது.

பக்கத்து வீட்டு நொஸ்ரத் கானுக்குக் கொண்டாட்டம். பேட்டரிக் கடை வைத்திருப்பவர், அவரிடமும் இதே மாதிரி கார்தான். தினமும் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவார்.

"ஈரஜ் கான், அது செத்துப்போச்சு. எனக்குக் குடுத்துடுங்க. கதவு, கண்ணாடியெல்லாம் என் வண்டிக்கு ஆகும். மிச்சத்தக் காயலான் கடையில போட்டுடலாம்."

ஈரஜ் சிரித்து மழுப்பினார். அன்று சாப்பிடும்போது மெல்லச் சொன்னார்: "இன்ஜினை நானே பிரிச்சு மாட்டப் போறேன். ஓடிட்டா இந்த ஆள் வாயை மூடிடுவான்."

எனக்குப் புரையேறிவிட்டது. குழாய் சொட்டினால்கூட ஆளைக் கூப்பிட்டு, அந்த ஆளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் இவர்.

"அது என்ன தலைமுடியா, தப்பா வெட்டினா மறுபடி வளர?" என்றேன்.

"கழட்டுன வரிசையிலயே மாட்டணும், ஃபரங்கிஸ் ஜான். அவ்வளவுதான் விஷயம்" என்றார். ஜான் என்றால் கண்ணே என்று அர்த்தம்.

முற்றத்துத் திராட்சைப் பந்தலின் இரும்புக் குழாயில் சங்கிலிக் கப்பியை மாட்டி, தெருவில் பாதிப் பேர் இழுக்க, இன்ஜின் வெளியே வந்தது. பந்தல் அன்று வளைந்தது, இன்னும் நிமிரவில்லை. மறுநாளே பனி கொட்டியது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் இன்ஜின் விருந்தாளி அறையில் உட்கார்ந்திருந்தது. என் பிள்ளைகளைக்கூட நான் கால் வைக்க விடாத அறை அது. கீழே என் கல்யாணக் கம்பளம். அதன்மேல் எங்கள் சாப்பாட்டு விரிப்பை விரித்திருந்தாராம், பத்திரமாக.

"இந்த விருந்தாளி எப்பக் கிளம்புவாரு?" என்று கேட்டேன்.

"நவ்ரூஸுக்கு முன்னாடி, புது வருஷம் பொறக்கறதுக்குள்ள."

அந்தக் குளிர்காலம் முழுக்க என் அக்காவைச் சமையலறையில் உட்காரவைத்துத்தான் தேநீர் கொடுத்தேன். இவர் பிஸ்டன்களில் என் நகப்பூச்சால் எண் போட்டார். சிலிண்டர்களைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிக் குடைந்து வாங்கினார். பிஸ்டனின் புது வளையங்களைத் தலைகீழாகப் போட்டு, தானே கண்டுபிடித்து, மறுபடி கழற்றினார். வால்வுகளை ஒரு குச்சி நுனியில் ஒட்டி, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, மோர் கடைவதுபோல் நாள்கணக்கில் தேய்த்தார். திட்டிக்கொண்டேதான் நானும் போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்தேன். அவற்றை அரிசி வடிகட்டியில் போட்டுக் கழுவியதுதான் என் புத்திகெட்ட வேலை. அந்த வாரச் சோற்றைப் பெண்கள் தொடவில்லை. இவர் மட்டும் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டு, "உன் கைமணமே தனி" என்றார்.

மதிலுக்கு மேல் தலை வருவது மட்டும் நிற்கவில்லை. "என்ன மெக்கானிக் உஸ்தா, விருந்தாளிக்கு இன்னைக்கு என்ன சமையல்?"

நவ்ரூஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தெருவே கூடியிருக்க, சாவியைத் திருப்பினார். இருமியது. மறுபடி இருமியது. நொஸ்ரத் கான் சிரிக்க வாயைத் திறந்தபோது பிடித்துக்கொண்டது பாருங்கள்! புகையே இல்லை. தையல் மிஷின்போலச் சீராக ஓடியது. ஈரஜ் என்னைப் பார்த்தார், கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் பெருமை தாங்கவில்லை. என் கம்பளத்தை அந்த நிமிடம் மன்னித்துவிட்டேன்.

"சபாஷ், என்ன சத்தம், என்ன சத்தம்" என்றார் நொஸ்ரத் கான். மனசாரத்தான் சொன்னார்.

"உங்களுக்கே சொந்தம், எடுத்துக்குங்க" என்றார் ஈரஜ்.

"ஐயோ, வேண்டாம்."

"இல்ல, எடுத்துக்கணும்."

"உங்ககிட்டயே இருக்கட்டும்."

"உங்களுக்கில்லாததா?"

"வேண்டாங்க."

மூன்றாயிற்று. ஊர் வழக்கப்படி இங்கே நிறுத்த வேண்டும். சந்தோஷத்தில் இருந்த மனிதர் நிறுத்தவில்லை. சாவியை எடுத்து நீட்டி, "உங்க உயிர்மேல ஆணை, நீங்க எடுத்துக்கிட்டாத்தான் எனக்குத் திருப்தி" என்றார்.

நொஸ்ரத் கான் தெருவை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் சாட்சி. "என் உயிர்மேலயே ஆணை வெச்சுட்டீங்க. இனி மறுத்தா மரியாதை இல்ல" என்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

ஈரஜின் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. வாய் திறந்து திருப்பிக் கேட்கமாட்டார், செத்தாலும் கேட்கமாட்டார். நான் சத்தம் போட்டால் மானம் என்னுடையதுதான் போகும். வீட்டுக்குள் போனேன். கொல்லையில் கிடந்த காற்றுக் கூலரிலிருந்து மூன்று போல்ட்டைத் திருகி எடுத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, இனிப்புத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காரின் ஜன்னலில் நீட்டினேன்.

"நொஸ்ரத் கான், நல்லபடியா ஓட்டுங்க. உங்க பொருளை நாங்க வெச்சுக்கிட்டா பாவம். இதுவும் உங்களோடதுதான்."

"என்ன இது, ஃபரங்கிஸ் கானும்?"

"எல்லாத்தையும் மூடினப்புறம் மிஞ்சினது."

"மிஞ்சினதா? எங்க மாட்ட வேண்டியது?"

"அது தெரிஞ்சா மாட்டியிருக்க மாட்டாரா? ரெண்டு உள்ள இருந்து வந்தது. மூணாவது ஸ்டியரிங் பக்கமா கிடந்துச்சு. நீங்க தைரியசாலி, ஓட்டிடுவீங்க."

நொஸ்ரத் கான் இன்ஜினை அணைத்தார். மெதுவாக இறங்கினார். சாவியை ஈரஜின் கையில் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்து அழுத்தினார். "ஒரு பேச்சுக்குத்தான் வாங்கினேன். மூணு பொண்ணுங்க ஏறின வண்டி, உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஈரஜ் அந்த மூன்று போல்ட்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிறிப்போய் நிற்கிறார்.

"அது கூலரோடது. அந்த ஆளை விரட்ட நான் பண்ணின வேலை" என்றேன்.

"கூலர்லயா? அந்தக் கூலரை மாட்டினதே நான்தான். அதுல என்னைக்கு எல்லா போல்ட்டும் இருந்திருக்கு?"

கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய் ஓட்டைகளைக் காட்டினேன். மொத்தம் எட்டு ஓட்டை, எல்லாமே காலி. எந்த மூன்று இன்று காலியானது என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். அவர் என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்.

"எனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்ற. நமக்குள்ள எதுக்கு ஃபரங்கிஸ் ஜான் இந்த உபசாரமெல்லாம்?" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்க் காரின் முன்மூடியைத் திறந்தார்.