எங்கள் முற்றத்துக் காற்று

1. சைக்கிள் பம்பின் தோல் வாசரைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். பம்பு ஊதுவதை விட்டுக் காற்றை உறிஞ்சத் தொடங்கியது. அதன் வாயில் வெள்ளை வடிதாள் வட்டம் ஒன்றைக் கட்டினேன்.
2. முள்ளிவாய்க்கால் கடற்கரையில், கடற்காற்றைப் பார்த்து நின்று உறிஞ்சினேன். தாள் ஈரமானது; நிறம் மாறவில்லை.
3. மல்லாவிச் சந்தையில், மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள்கள் நிற்குமிடத்தில், அதே அளவு உறிஞ்சினேன். சாம்பல் நிற வட்டம் விழுந்தது.
4. எங்கள் வீட்டு முற்றத்தில் உறிஞ்சினேன். கடற்கரைத் தாளுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கல்லூரியில் செய்துவரச் சொன்ன ஒப்படைக்கு அது போதும் என்று நினைத்தேன். முற்றத்துத் தாளைப் பார்த்துப் பெருமையும் பட்டேன். பக்கத்திலேயே அப்பாவின் நெல் ஆலை இருந்தும் எங்கள் காற்று சுத்தம்!

ஆலைக்கு அந்தப் பக்கத்து வளவில் இருந்த அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார். அவருடைய கணவர் எங்கள் ஆலையில் மூட்டை தூக்குபவர்.

"தங்கச்சி, அதை இஞ்சையும் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. என்ரை அடுப்புப் புகையாலதான் பிள்ளைக்கு மூச்சு இழுத்து முட்டு வருதெண்டு மாமி ஊரெல்லாம் சொல்லித் திரியிறா. அடுப்பை வெளியில தூக்கிப் போட்டு வெய்யிலுக்கை நிண்டு சமைக்கிறன். முட்டு இன்னும் நிக்கேல்லை."

மாமியார் வாசலில் இருந்தபடியே சொன்னார்: "பம்புக்கு என்ன தெரியும்? சைக்கிளுக்குக் காத்தடிக்கத் தெரியும்."

அடுப்பு எரியும்போது உறிஞ்சினேன். கறுப்பு. அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறவிட்டு, மறுபடி உறிஞ்சினேன். அதே கறுப்பு. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று, ஆலையில் நெல் அவிக்கும் உமி அடுப்பின் புகையை நேரே அந்த வளவுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பும் மாதங்கள் மழை மாதங்கள். அவித்த நெல்லைக் காயவைக்க முடியாததால் அப்போது ஆலை அனேகமாகப் பூட்டிக் கிடக்கும். இது தெரிந்துதான் அப்பா அடுப்பை அங்கே கட்டியிருந்தார். எங்கள் வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

"உங்கடை அடுப்பில்லை, அக்கா. எங்கடை மில்."

மாமியார் எழுந்து உள்ளே போனார். அக்கா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லக் கதையுங்கோ. இந்த மில்லை விட்டால் இவருக்கு வேற வேலை இல்லை."

என் கையில் அந்தத் தாள் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். நான் உடுத்திருந்தது வெள்ளைச் சட்டை. எங்கள் கொடியில் காய்ந்தது.

அக்காவின் பேரை எடுக்காமல் அப்பாவிடம் அடுப்பை இடம் மாற்றச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இஞ்சால மாத்தினால் கொம்மாவின்ரை சீலையெல்லாம் கரியாப் போகுமே பிள்ளை. உன்னைப் படிப்பிச்சது எந்தப் புகையெண்டு நினைக்கிறாய்?"

அம்மா சோறு போட்டார். சாப்பிட்டேன்.

ஒப்படையில் நான்காவது இடத்தை 'ஓர் அரிசி ஆலைக்கு அருகில்' என்று எழுதினேன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அக்காவின் அடுப்பு திரும்பவும் குசினிக்குள் இருக்கிறது. மாமியார் அவரைக் குறை சொல்வதில்லை. உமி அடுப்பு அதே இடத்தில் எரிகிறது. பிள்ளைக்கு முட்டு நிற்கவில்லை.