நவரத்தினண்ணை மூடச் சொன்ன கல்

தரிப்பில்லாத இடத்தில், என் வயலோரமாக பஸ் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, "அக்கா, எங்கட நவரத்தினண்ணை மோசம் போயிட்டார்" என்றான். ஸ்கந்தபுரம் வீதியில் சத்தமில்லாத பஸ்ஸை அன்றுதான் கண்டேன்.

அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னதே பகிடி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனால் அண்ணையை என்னளவு நக்கலடித்தவர் வன்னியில் வேறில்லை என்பதால் சம்மதித்தேன்.

அவர் கொண்டக்டராக இருந்தபோது உங்கள் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்கட ஊருக்கு ஏன் இந்தப் பேர்?" வயதானவர்கள் ஏறிவிட்டால் முடிந்தது கதை. குளத்தை யார் கட்டினார்கள், இடிந்த கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டபடியே நிற்பார். நான் பின்னுக்கிருந்து கத்துவேன்: "அண்ணை, இராசாமாரை இறக்கிப்போட்டு எங்களுக்கு ரிக்கற் தாங்கோ!" திரும்பாமலே சொல்வார்: "இராசாமார் ரிக்கற் எடுத்திட்டினம். நீதான் இன்னும் எடுக்கேல்லை."

ஓய்வுபெற்றபின் சைக்கிளில் அலைந்தார். பக்கத்து ஊர்க் காட்டோரம் பழைய செங்கல் மேடொன்றைக் கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதினார். எங்களுக்கெல்லாம் பெருமையில் ஒரே புளுகம். அடுத்த மழைக்கு முன் மேட்டைச் சுற்றி வெள்ளைக் கல் நாட்டப்பட்டிருந்தது. எந்த அரசாங்கக் கந்தோர் நாட்டியது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஞானம் அக்காவின் வயல் கல்லுக்கு உள்ளே போய்விட்டது. விதைக்கப் போன அவரை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். மேட்டில் அவர்கள் நட்ட பலகையில் எழுதியிருந்த கதையை ஊரில் யாரும் கேள்விப்பட்டதேயில்லை.

ஞானம் அக்கா திட்டவில்லை. "தம்பி, நீ எழுதாமல் இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அண்ணை எழுதவில்லை. நானும் அந்த விஷயத்தில் மட்டும் பகிடி விடவில்லை.

பிறகொரு நாள் வாய்க்கால் திருத்தும்போது என் மண்வெட்டி கல்லில் பட்டது. அண்ணையைக் கூப்பிட்டேன். கையாலேயே மண்ணை விலக்கினார். சதுரமாகச் செதுக்கிய தூண். குளத்தடியில் ஒரு கோயில் இருந்ததென்று பஸ்ஸில் ஏறிய கிழவர்கள் சொல்வார்களே, அதன் தூண். அண்ணை சேற்றிலேயே குந்திவிட்டார்.

"மணியை அடியுங்கோ அண்ணை, உங்கட இடம் வந்திட்டுது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஞானம் அக்காவின் வயல் போன காட்டுப் பக்கம் பார்த்தார். "மூடு, பிள்ளை."

"வாழ்நாள் முழுக்கத் தேடினதல்லோ?"

"கண்டிட்டன். எனக்கு அதுவே காணும். மூடு."

மூடினோம். காட்டுக்குள் இறங்குகிறவர்கள் சாமிக்கு வைப்பதுபோல் ஒரு இலைக்குழை முறித்து மண்ணின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் காட்டு மரங்களில் எல்லை குறித்ததுபோல் சிவப்புப் பூச்சு வளையங்கள் தெரியத் தொடங்கின. போகத்துக்குப் போகம் என் வயலுக்குக் கிட்டக் கிட்ட வந்தன. பூசுகிறவர்களை ஒருவரும் காணவில்லை. என் நாய்கூடக் குரைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "இன்னும் எத்தினை மரம் மிச்சம்?" என்று கேட்டார்.

"வரம்போடை நிக்கிற பாலை மட்டும்."

"நான் மூடச் சொன்னது பிழை, பிள்ளை. நாங்கள் மூடினால் அந்த வெள்ளைக் கல் நாட்டின ஆக்கள் வந்து திறப்பினம். பிறகு அவை சொல்லுறதுதான் கதை. நீ முந்திச் சொல்லு."

"சொன்னால் வயல் போயிடுமே, அண்ணை? எனக்கு வேறை என்ன இருக்கு?"

"சொல்லாட்டிலும் போகும் போலதான் கிடக்கு. அந்த மேட்டை நான் தனியப் பாத்தன், தனிய எழுதினன். அதுதான் பிழையாப் போச்சு. ஊர் பாத்த இடத்தை மாத்திச் சொல்லுறது கஸ்ரம்."

அது சரிதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் நிச்சயமில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது.

நேற்றுக் காலை அந்தப் பாலையிலும் வளையம் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

அவருடைய சைக்கிள் பிள்ளைகளிடம் இருக்கிறது. எனக்கு அவர் விட்டுப்போனது அந்தத் தூண். என் வயலின் வாய்க்கால் மூலையில், முழங்கை ஆழத்தில் கிடக்கிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எல்லோரும் வாருங்கள். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தேத்தண்ணி நான் தருவேன். மண்ணை எல்லோருமாக விலக்குவோம். பிந்தாமல் வாருங்கள்.