காலியாகாத டீ கப்

போன ஜனவரியில், புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்தது இது.

அதற்கு ஏழெட்டு மாதம் முன்பு, அரியாங்குப்பம் பாலத்தருகே என் மகளின் ஸ்கூட்டரை ஒரு வேன் இடித்துவிட்டது. காலில் கம்பி வைத்து, வாக்கர் பிடித்து நடந்து, ஒருவழியாகத் தேறினாள். தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். ஆட்டோவில் போய்வந்துகொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் மறுபடி தனியாக ஸ்கூட்டர் எடுத்தாள். நான் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் என் வண்டியில் பின்னாலேயே போனேன். முதல் சிக்னல் தாண்டியதுமே ஓரம் கட்டி நின்றாள்.

"ஹெல்மெட் போட்டா உன்னைத் தெரியாதாப்பா? வீட்டுக்குப் போ. போனும் பண்ணாத. ஓட்டும்போது நீ கூப்பிட்டா எனக்குக் கை நடுங்கும்."

கடைசியாகச் சொன்னது என்னை அங்கேயே நிறுத்திவிட்டது.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எங்கெங்கோ சுற்றி, வண்ணத் துணிக்கொடிகள் கட்டிய ஒரு மண்டபத்தின் முன் நின்றேன். திபெத்தியக் கலாசார விழா என்று எழுதியிருந்தது. உள்ளே துறவிகள் வரிசையாக உட்கார்ந்து, அடித்தொண்டையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தாளா இல்லையா? கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம். போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அங்கே டீ கொடுத்துக்கொண்டிருந்த திபெத்திய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்கும் ஒரு கப் நீட்டினார். வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. மீதி வைத்தால் மரியாதையில்லையே என்று மூச்சைப் பிடித்துக் குடித்து முடித்தேன். உடனே நிரப்பினார். அதையும் முடித்தேன். மறுபடி நிரப்பினார். வயிறு முட்டிப்போயிற்று; வேண்டாம் என்று சொல்லவும் கூச்சம்.

கடைசியில் அவரே சிரித்துவிட்டார். குளிர்காலம்தோறும் இந்த ஊரில் ஸ்வெட்டர் விற்றுத் தமிழ் பழகியவராம்.

"போதும்னா குடிக்காம அப்படியே வெச்சிடணும் சார். காலி கப்பு பாத்தா எங்க ஆளுங்க ஊத்திகிட்டே இருப்பாங்க."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்த ஞாபகமே இல்லை. பிறகு மகளைப் பற்றிச் சொன்னேன். அவருடைய மகன் லடாக் பக்கம் லாரி ஓட்டுகிறானாம். பனி கொட்டினால் நாள்கணக்கில் போன் கிடைக்காதாம். பயமாக இருக்காதா என்று கேட்டேன்.

"இருக்கும் சார். இப்பவும் இருக்கு. பயந்துகிட்டேதான் டீ ஊத்துறேன்."

சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். ஓதும் சத்தம் தரையில் அதிர்ந்து என் கால்வரை வந்தது. பயம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் மூச்சு சீராக வந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது.

போன் அடித்தது. மகள்தான்.

"என்னப்பா, மதியமே ஆயிடுச்சு, ஒரு போன்கூட காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

காலையிலேயே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். எப்படியும் பொறுக்கமாட்டாமல் கூப்பிடுவேன் என்று அவ்வளவு நேரமும் காத்திருந்தாளாம்.

இப்போதும் அவள் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாள். வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்தப் படபடப்பை வீட்டிலேயே நான் வைத்துக்கொள்ள வேண்டும், ஓட்டுகிற பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.