பெங்களூரில் இரண்டாம் தடவை கிடையாது

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிடச் சொல்வார்கள். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "வேணாங்க, இப்பதான் சாப்ட்டு வந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கூப்பிட்டால் கொஞ்சம் நெளியலாம். மூன்றாம் தடவை உட்கார்ந்துவிடலாம். இந்தப் பழக்கத்தை ஒரு ராக்கெட் கம்பெனியிடம் காட்டிய இன்ஜினியரிங் மாணவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

பெங்களூரில் சின்னச் சின்ன ராக்கெட் இன்ஜின் செய்கிற கம்பெனி. மூன்று மாத இன்டர்ன்ஷிப். வேறு பல இடங்களுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இதுவும் போனால் படிப்பு முடிந்ததும் ஓசூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைதான். என் புராஜெக்ட் ராக்கெட்டின் நாசில், அதாவது நெருப்பு பீறிட்டு வரும் வாய், பற்றியது. எல்லாம் கம்ப்யூட்டரில். கையால் தொட்ட ஒரே நாசில், எங்கள் தக்காளிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயருடையது.

இன்டர்வியூ போனில். மொட்டை மாடித் தண்ணீர் டேங்கை ஒட்டி நின்றால்தான் டவர் கிடைக்கும். கேள்வி கேட்ட மேடம் அங்கே இன்ஜினியர். ஸ்பிரேயர் கதையைச் சொன்னதும் சிரித்தார். கடைசியில் இங்கிலீஷில் கேட்டார்: "திங்கட்கிழமையே சேர ஓர் இடம் இருக்கிறது. வருகிறீர்களா?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. "பரவாயில்லைங்க மேடம், வேற யாருக்காவது தேவைப்பட்டா கொடுங்க" என்பதை நல்ல இங்கிலீஷில், ரொம்ப அடக்கமாகச் சொன்னது.

"ஓகே" என்று வைத்துவிட்டார்.

இரண்டாம் தடவைக்காக போனைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்றேன். அது வராது என்று பிறகுதான் உறைத்தது. கீழே ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்டா, அவங்க சோறா போட்டாங்க, வேணாங்கறதுக்கு?"

"மரியாதைக்குச் சொன்னேம்மா."

"கூப்புடுடா திருப்பி!"

அம்மாவையும் இழுத்துக்கொண்டு டேங்கடிக்கு ஏறிக் கூப்பிட்டேன். "ஆக்சுவலி மேடம்... ஆக்சுவலி..." என்பதைத் தாண்ட முடியவில்லை. அம்மா போனைப் பிடுங்கினாள். எங்கள் வீட்டில் கன்னடமும் புழங்கும். அவள் கன்னடத்தில் சொன்னது இதுதான்: "இவன் வேணாம்னா வேணும்னு அர்த்தம்மா. எங்க ஊர்ல அப்படித்தான்."

மேடம் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. ஆனால் அந்த இடத்தைப் பட்டியலில் அடுத்தவனுக்குக் கொடுத்தாயிற்றாம். ஐந்து மணிக்குள் அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு.

அந்த மத்தியானம் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன், மோட்டாரைப் போட்டேன், நிறுத்தினேன், ஒன்றும் வேண்டாமலே ஃபிரிட்ஜைத் திறந்தேன். அந்தப் பையனும் எங்கள் பக்கத்து ஆளாக, நல்லபடி வளர்க்கப்பட்டவனாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

"உக்காருடா, வூடு தேஞ்சிடப் போவுது" என்றாள் அம்மா.

ஐந்தைத் தாண்டி மெயில் வந்தது. அவன் உடனே ஒத்துக்கொண்டுவிட்டான். வளர்ப்பு சரியில்லை.

மெயிலின் அடியில் இன்னும் இரண்டு வரி. அடுத்த பேட்ச்சில் என் பெயரை முதலில் வைத்திருக்கிறார்களாம். இந்தச் சனிக்கிழமை ஓர் இன்ஜினை எரியவிட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது, வந்து பார்க்க விருப்பமா?

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"செத்த நேரம் கழிச்சு அனுப்புடா. அலையறான்னு நெனச்சிக்கப் போறாங்க."

"வருகிறேன்" என்று நான் அனுப்பி ஒரு நிமிடம் ஆகியிருந்தது. எங்கே, எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்டிருக்கவில்லை.