சூலம் மாறிய தகடு

அப்பாவின் இந்த நினைவு மலரின் அட்டையில் அம்மன் முகம் குழிந்து தெரிகிறதே என்று அச்சகத்தாரைத் திட்ட வேண்டாம். அந்தப் படத்தைக் கொடுத்தவள் நான்தான்.

அப்பா மண்ணூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, காஞ்சிபுரத்துப் பட்டறையில் தகட்டில் சாமி உருவம் புடைக்கும் வேலையைக் கற்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. அங்கே கதவுத் தகட்டை உள்ளங்கையால் தடவியே நெளிசலைக் கண்டுபிடித்து ஒதுக்குவார். வீட்டுக்கு வந்ததும் அதே கையால் நல்ல தகட்டை நெளிப்பார் என்று அம்மா கேலி செய்வார்.

செப்புத் தகட்டை அரக்கின்மேல் பதித்துப் பின்புறம் தட்டினால், முன்புறம் உருவம் எழும். அதனால் வலம் இடம் மாற்றி வரைய வேண்டும். சுங்குவார்சத்திரம் அருகே ஓர் அம்மன் சன்னதிக் கதவுக்கு வேலை செய்தபோது, ஓ.டி. பார்த்த அசதியில் அப்பா மாற்ற மறந்துவிட்டார். முடித்துத் திருப்பினால், வலக்கையில் இருக்க வேண்டிய சூலம் இடக்கையில் இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு நான்கே நாள்.

பார்க்க வந்த கோயில்காரருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாவே தவற்றைக் காட்டினார்.

"மாலை போட்டா மறைஞ்சிடும், வுடுண்ணே. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேப்பா" என்றார் அப்பா.

லீவு போட்டார். அம்மா அரக்கைக் காய்ச்சிக் கொடுக்க, புதுத் தகட்டில் முதலிலிருந்து தொடங்கினார். கும்பாபிஷேகத்தன்று காலை கதவில் அம்மன் வலக்கையில் சூலத்தோடு நின்றாள். இன்றும் நிற்கிறாள்.

பழைய தகட்டை அப்பா உருக்கவில்லை. குழிந்த பக்கம் தெரியும்படி கூடத்தில் மாட்டினார். அந்தப் பக்கம் பார்த்தால் சூலம் சரியான கையில் இருக்கும். அட்டையில் இருப்பது அப்படி மாட்டியிருந்தபோது எடுத்த படம்தான்.

அப்பா படுக்கையில் இருந்த மாதங்களில் முறை போட்டுத் துணையிருந்த கம்பெனி நண்பர்களுக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் உலை வைக்கவே விடாத மண்ணூர் உறவுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கடைசி வாரத்தில் ஒருநாள் அந்தத் தகட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். இடக்கையில் சூலம் ஏந்திய அம்மனை வெகுநேரம் பார்த்தார்.

"கை மாறிச்சே தவிர, நல்லாத்தான் அட்ச்சிகீறேன்" என்றார்.

அதன்பிறகு நாங்கள் அதைத் திருப்பவில்லை. வீட்டுக்கு வந்தால் நேர்முகமாகவே பார்க்கலாம்.