கண்ணாடி முன் நின்ற மேனேஜர்

ஆக்கன்பர்ன் ஊரில் டூகல் ரென்விக்கைத் திட்டாதவர்களும் இல்லை, அவனை விட்டுக்கொடுத்தவர்களும் இல்லை. அந்த ஊரின் சின்னக் கால்பந்து கிளப்புக்காகப் பதினான்கு வருடம் முன்வரிசையில் ஆடி, நூற்றுத் தொண்ணூற்றொன்பது கோல் போட்டவன். வாரநாட்களில் கூரைக்கு ஓடு போடுவான். சனிக்கிழமை மதியம் எதிரணிக்காரர்களின் உயிரை வாங்குவான்.

பனிக்காலத்தில் பழைய மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட, பொறுப்பு இவன் தலையில் விழுந்தது. ஆடிக்கொண்டே அணியையும் நடத்தினான். அதுவரை, உடைமாற்றும் அறைக் கதவில் பெயர்ப்பட்டியலைக் குத்திவைப்பார்கள். இடமில்லாதவன் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருபது வயதில் டூகலும் அப்படித்தான் தெரிந்துகொண்டு, கழிவறைக்குள் போய் அழுதான்.

"எவன உக்கார வைக்கிறேனோ, அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுத்தான் பட்டியலக் குத்துவேன்" என்றான் முதல் நாளே. அப்படியே செய்தான். திட்டியவர்களின் திட்டையும் நின்று வாங்கிக்கொண்டான். எத்தனை மேனேஜருக்கு அந்தத் தைரியம் வரும்?

வந்தது பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிரிவில் நீடிக்கலாம், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டியதுதான். ஊருக்கோ இருநூறாவது கோல்மீதுதான் கண். கறிக்கடை கிர்க் ஒரு படுக்கைவிரிப்பில் சிவப்பு பெயின்ட்டால் '200' என்று எழுதி, சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

துவைத்த சட்டைகளைக் கொண்டுவந்த டூகலின் மனைவி ஐல்சா, கழிவறையில் பேச்சுக்குரல் கேட்டு நின்றாள். எட்டிப் பார்த்தால், அவன் மட்டும் கண்ணாடி முன்னால்.

"டூகல், இன்னிக்கு நீ பெஞ்சுலதாம்ப்பா. உன் முட்டி ரெண்டு மாசமா ஒத்துழைக்கல, உனக்கே தெரியும். திட்டணும்னா திட்டிக்கோ."

ஐல்சாவுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன, திட்டினானா?" என்றாள்.

"வாயே தெறக்கல" என்று சொல்லிவிட்டு, பட்டியலைக் குத்தப் போனான்.

எண்பத்தெட்டாவது நிமிடம்வரை கோலே இல்லை. அப்போது பெனால்டி கிடைத்தது. மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இன்னும் இறக்கலாம். மைதானமே எழுந்தது.

"டேய் டூகல், கோட்டக் கழட்டுடா! நின்ன எடத்துல ஒரு ஒத, அவ்ளோதான்!" என்று கிர்க் தொண்டை கிழியக் கத்தினார்.

டூகலின் கை கோட்டு ஜிப்புக்குப் போனது. தின்பண்டம் விற்கும் கூண்டிலிருந்து பார்த்த ஐல்சாவும், 'போயேன்டா' என்று மனதுக்குள் கெஞ்சினாள். பந்தை வைத்துக்கொண்டு நின்றவன் தடுப்பாட்டக்காரன் ஸ்ட்ரூவன். பெனால்டி வந்தால் உன்னுடையது என்று காலையில் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் டூகல்தான்.

ஜிப்பை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஸ்ட்ரூவன் உதைத்தான். வலை ஆடியது.

எல்லோரும் ஆடிப்பாடி முடித்த பிறகு, கிர்க் கடுகடுவென்று அவனிடம் வந்தார்.

"இத நாளைக்குக் கடை வாசல்ல தொங்கவிடப் போறேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

படுக்கைவிரிப்பை விரித்தார். 200-க்குக் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத பெயின்ட்டில் 199.

டூகல் திரும்பி நடந்தான். இருபது வயதில் அழுத அதே கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ஐல்சா வாசலில் நின்றுகொண்டு, யாரையும் உள்ளே விடவில்லை.